சாவு மேளமா, ஜெபமா? (ஐடா ஸ்கடர் இழை)

திண்ணைவாசி:
நேற்று வாட்ஸாப்பில் ஒரு பிரசங்கத் துண்டு வந்தது. கடவுள் பக்தி இல்லாதவன் அடுத்தவனுக்காக வாழ்க்கையைக் கொடுக்கவே மாட்டானாம். அதற்குச் சாட்சி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடராம். எரிச்சலாக வருகிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் பார்க்கக்கூடாது என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் படிக்க முடிவெடுத்தார். முடிவெடுக்க வைத்தது மேளம். ஜெபம் எங்கே வந்தது?

உப்புக்கல்:
நடு இரவை மட்டும் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டீர்கள், பிரதர். அன்று இரவு தூங்காமல் ஜெபித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடவுளை முதல்முறை நேருக்கு நேர் சந்தித்தது அப்போதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். மேளம் விடியற்காலையில். ஜெபம் அதற்கு முன்னால். நேரம் பார்க்கத் தெரியாதவரோடு என்ன பேசுவது?

திண்ணைவாசி:
இரவெல்லாம் ஜெபித்தும் முடிவு வரவில்லை. மேளம் கேட்டது, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார், முடிவு வந்தது. நேரம் பார்க்க உங்களுக்குத்தான் தெரியவில்லை.

உப்புக்கல்:
யோசித்தார், ஜெபித்தார். அவர் சொன்னதில் இரண்டும் இருக்கிறது. நீங்கள் பாதியை வாசித்துவிட்டு ஓடிவருகிற பழக்கம் போன மாதமே எல்லாரும் பார்த்ததுதானே.

கோட்டைவாசல்:
அது சாவு மேளம் இல்லை ஐயா, பறை. பறை என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

திண்ணைவாசி:
ஆங்கிலத்தில் டாம்டாம் என்றுதான் இருக்கிறது. தம்பட்டமாகவும் இருக்கலாம். அது இப்போது முக்கியமா?

கோட்டைவாசல்:
உங்களுக்கு முக்கியமில்லை, சரி. அடித்தவனுக்கு முக்கியம்.

உப்புக்கல்:
விஷயத்துக்கு வாருங்கள். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து மிஷனரி டாக்டராகக் கப்பலேறியவர். பேத்தி 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார், ஆனால் இந்த நாட்டில் வாழ்க்கையைக் கழிக்க அவருக்குத் துளியும் ஆசையில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனம் வந்தார். அப்படிப்பட்டவர் 1899இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்தார். 1902இல் ஆஸ்பத்திரி, 1909இல் நர்ஸிங் பயிற்சி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1960இல் கொடைக்கானலில் கண்ணை மூடும்வரை இந்த மண்தான். மேளச் சத்தத்தில் வருகிற இரக்கம் பதினாறாம் நாள் காரியம்வரை தாங்கும். அறுபது வருஷம் தாங்குமா?

திண்ணைவாசி:
தாங்கும். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம் ஆறாமல்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் வந்தது. அங்கேயும் ஒரு சாவுதான். ஐடாவுக்கு ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்த பாங்க்காரர்கூட, இறந்துபோன மனைவியின் நினைவாகத்தான் கொடுத்தார். எங்கே தொட்டாலும் மேளம்.

உப்புக்கல்:
முத்துலட்சுமி ரெட்டி நாத்திகரா? யார் சொன்னது?

திண்ணைவாசி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

உப்புக்கல்:
சொல்லாமல் சொன்னீர்கள்.

வேலூர்க்காரி:
மேளம், ஜெபம் என்று இரண்டு அண்ணன்களும் அடித்துக்கொள்கிறீர்கள். வீட்டுக்குள்ளேயே டாக்டர் இருந்தும், ஆண் தொடக்கூடாது என்று மூன்று பெண்களைச் சாகவிட்டார்களே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மூன்று பேரும் பக்திமான்கள்தானே?

உப்புக்கல்:
தங்கச்சி, அது வேறு இழை. சி.எம்.சி.யின் வாசகமே 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்ற வசனத்திலிருந்து வந்தது. மேளத்திலிருந்து வரவில்லை.

வேலூர்க்காரி:
வேறு இழையா! பெண்கள் பேச்சு வந்தாலே உங்களுக்கு அது வேறு இழைதான்.

கோட்டைவாசல்:
பறை.

உப்புக்கல்:
மறுபடியும் சொல்கிறேன், ஜெபம் இரவில், மேளம் காலையில். யாராவது மறுத்துக் காட்டுங்கள்.

திண்ணைவாசி:
முடிவு எப்போது? அதை மட்டும் சொல்லுங்கள்.

உப்புக்கல்:
அழைப்பு இரவிலேயே வந்துவிட்டது. அதை வீட்டில் சொன்னதுதான் காலையில்.

திண்ணைவாசி:
இதை நான்காவது முறை கேட்கிறேன். முடிவு எப்போது?