கம்பளி நூல் விழாவில் முதல் கடை: எவ்வளவு சரக்கு கொண்டுபோகலாம்?

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் மாநிலத்தில் வசிக்கும் நான், மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே மெரினோ கம்பளி நூலுக்குக் கையால் சாயமேற்றித் தோழிகளுக்கு விற்று வருகிறேன். ரைன்பெக்கில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் கம்பளி விழாவுக்கு நூல் வாங்கப் பலமுறை சென்றிருக்கிறேன். இந்த வசந்த காலத்தில் எங்கள் பகுதியில் நடக்கும் சிறிய விழாவில்தான் முதன்முறையாகக் கடை போடுகிறேன்.

என் பெரிய குழப்பம் சரக்கைப் பற்றியது. 100 கிராம் சிட்டம் (நூல் கட்டு) ஒன்று, ஏறத்தாழ 365 மீட்டர், ஒரு ஜோடி காலுறைக்குப் போதும். பெரியவர்களுக்கான ஸ்வெட்டருக்கோ அதே நிறத்தில் நான்கைந்து சிட்டங்கள் வேண்டும். என் பாத்திரம் ஒரு முறைக்கு மூன்று சிட்டங்களே கொள்ளும் என்பதால், அடுத்த ஈட்டில் நிறம் சற்றே மாறிவிடுகிறது. சென்ற மாதம் மாதுளைச் சிவப்பில் ஆறு சிட்டங்களை இரண்டு ஈடுகளாகத் தோய்த்தேன். அடுப்படி விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்தவற்றை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, இரண்டாம் ஈடு செங்கல் நிறத்துக்குச் சாய்ந்திருந்தது. ஆகவே, பல நிறங்களில் இரண்டிரண்டு சிட்டங்கள் வைப்பதா, அல்லது பெரிய பாத்திரம் வாங்கிச் சில நிறங்களை மட்டும் ஸ்வெட்டர் அளவுக்குச் சேர்ப்பதா?

சாயம் நூலில் பிடிக்கச் சிட்ரிக் அமிலம் சேர்த்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரைமணி நேரம் வைத்தும், சிவப்பு நூல் நான்காம் அலசலிலும் லேசாகச் சாயம் விடுகிறது. என்னை நம்பி வாங்குபவரின் வெள்ளை நூலில் அது ஏறிவிடக் கூடாது என்பதே என் கவலை. அதே நீரில் இரவு முழுவதும் ஆறவிட்டவர்கள் பலன் எப்படி என்று சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத கொட்டகையில் கார்டில் பணம் வாங்கும் வழியும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.