பிளாக் டைம்: ‘தடை நேரம்’ பொருந்தாது

நண்பர்களுக்கு வணக்கம். விமானத் துறையில் வழங்கும் ‘பிளாக் டைம்’ (block time) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று இங்கே வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> பிளாக் டைம் = தடை நேரம்

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. இங்கே பிளாக் என்பது மறிப்பதோ தடுப்பதோ இல்லை. நிற்கிற விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கிறார்களே, அந்தக் கட்டைதான். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் வந்து நின்று மறுபடி கட்டை போடும்வரை ஆகிற நேரமே பிளாக் டைம். பயணச்சீட்டில் புறப்பாடு, வருகை என்று அச்சிடுவதும் இந்த இரண்டு முனைகளைத்தான்.

> ‘பறப்பு நேரம்’ என்றாலே போதுமே

போதாது. ஓடுபாதையை விட்டு எழுந்து தரைதொடும்வரை ஆகும் நேரம் வேறு. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்ததாகச் செய்தி வந்ததே, அது வானில் இருந்த நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போனதும், இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அதில் சேராது. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார். வானில் இருப்பதற்கு ‘வான்நேரம்’ என்று வைக்கலாம். ‘அந்தர நேரம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் இலங்கையில் அந்தரம் என்றால் அவசரம், தவிப்பு. அங்குள்ளவர்களுக்கு வேறு பொருள் போய்ச் சேரும்.

தூரத்துக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு, பூமியின் மேற்பரப்பில் வரையும் வட்டம் பெருவட்டம். அதன் வழியே அளப்பது ‘பெருவட்டத் தொலைவு’. நியூயார்க்–லண்டன் சுமார் 5,540 கிலோமீட்டர், போனாலும் வந்தாலும் அதேதான். நேரம் அப்படி இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்றோட்டம் லண்டன் வருகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும், நியூயார்க் போகிறதை எதிர்க்கும். அதனால் வரும்போது ஏழு மணி நேரம் என்றால் போகும்போது எட்டு ஆகிவிடுகிறது. ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் போடும் கட்டுரைகளில், அது எந்த நேரம் என்று சொல்ல நமக்குத் தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

என் பரிந்துரை ‘சக்கரக்கட்டை நேரம்’. வெறும் ‘கட்டை நேரம்’ சுருக்கமாக இருக்கும், சரி. ஆனால் ‘கட்டையில போக’ என்று வைகிற ஊரில், விமானப் பயணத்துக்கு அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். தேரோட்டத்தில் சொல்கிற ‘முட்டுக்கட்டை’யும் நல்ல சொல்தான், ஆனால் அது இடையூறு என்ற பொருளில் ஊறிப்போய்விட்டது, மறுபடி ‘தடை’க்கே கொண்டுபோய் விட்டுவிடும். புறப்படும் முனைக்குக் ‘கட்டையெடுப்பு’, சேரும் முனைக்குக் ‘கட்டையிடல்’ என்று வைத்தால் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

விமான நிலையத் தரைப்பணியில் இருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால், அந்தக் கட்டையைத் தங்களுக்குள் என்ன சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். அங்கே ஒரு சொல் ஏற்கெனவே புழங்கினால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.