ரிப்போர்ட்டில் "3+" வந்திருக்கிறது, மகள் பின்தங்கிவிட்டாளா?

புதுவரவு: அவசரம். வியாழக்கிழமை பேரண்ட்ஸ் ஈவினிங். மகளோட ஸ்கூல் ரிப்போர்ட் இன்னைக்கு ஆப்ல வந்துச்சு. மேத்ஸ்: டார்கெட் 6, வொர்க்கிங் அட் 3+, ஏடிஎல் 2. இங்கிலீஷ்: டார்கெட் 5, வொர்க்கிங் அட் 2, ஏடிஎல் 2. ஊர்ல எப்பவும் 90-க்கு மேல வாங்குற பொண்ணு. மார்க் இல்ல, ரேங்க் இல்ல, டீச்சர் எழுதினது ஒரு வரிகூட இல்ல. ஒரு கிளாஸ் கீழ இறக்கிடுவாங்களா? உடனே டியூஷன் போடணுமா? ப்ளீஸ், யாராவது சொல்லுங்க.

பனிமழை: பயப்படவே வேண்டாம். லெவல் 3 என்றால் மாகாணம் எதிர்பார்க்கும் தரம், அதாவது 70 முதல் 79 வரை. 3+ என்றால் அதில் மேல்பகுதி. 80-க்கு மேல்தான் லெவல் 4. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கோர்ஸ் மார்க்கில் 70 சதவீதம் செமஸ்டர் முழுக்கச் செய்யும் வேலைக்கு, 30 சதவீதம் கடைசி மதிப்பீட்டுக்கு. ரிப்போர்ட்டில் கிளாஸ் மீடியனும் (வகுப்பின் நடு மதிப்பெண்) இருக்கும், மகளின் மார்க்கை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடலி: பனிமழை, நீங்கள் சொல்லுறது கனடாவின்ர ஒன்டாரியோ மாகாணம். டார்கெட், வொர்க்கிங் அட், ஏடிஎல் மூண்டும் சேர்ந்து வந்தால் அது அநேகமா இங்கிலாந்து. அங்க 3 எண்டால் பாஸுக்குக் கீழ. ஜிசிஎஸ்இ எண்டுறது இயர் 11 முடிவில எழுதுற பொதுத் தேர்வு. அதில 9 தொடக்கம் 1 வரை, 4 ஸ்டாண்டர்ட் பாஸ், 5 ஸ்ட்ரோங் பாஸ். புதுவரவு, எந்த நாடு, பிள்ளை எத்தனையாம் வகுப்பு, எப்ப வந்தனீங்கள்? அது தெரியாமல் ஒண்டும் சொல்லேலாது.

கருங்குயில்: எந்த நாடாக இருந்தாலும் டியூஷன் போட்டுவிடுங்கள். பள்ளி எதையும் வெளிப்படையாகச் சொல்லாது. ரேங்க் போட்டால் நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். நிறம் போட்ட கட்டங்களை அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து "இம்ப்ரூவ்மெண்ட் தேவை" என்பார்கள்.

நீலமலை: ஆஸ்திரேலியாவில் கேட்டால் தருவார்கள். ரிப்போர்ட் ஏ முதல் ஈ வரை, சி என்றால் அந்த வகுப்புக்கு உரிய தரம். சி-யைப் பார்த்துப் பதறுவது நம் ஆட்கள்தான். அதே வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறாள் என்று எழுதிக் கேட்டால் பல பள்ளிகள் சொல்லும்.

கருங்குயில்: கேட்டால்தானே! கேட்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள்? முதல் வருஷம் எல்லார் வீட்டிலும் இதே கலக்கம்தான்.

புதுவரவு: சாரி, பதட்டத்துல விட்டுட்டேன். இங்கிலாந்து. இயர் 9. அக்டோபர்ல சேர்த்தோம், ஆறாவது வரைக்கும் தமிழ் மீடியம்.

வடலி: சரி, இப்ப விளங்குது.

வகுப்பு இறக்க மாட்டினம். அங்க வயசுப்படிதான் வகுப்பு. மாறக்கூடியது செட் மட்டும், அதாவது ஒரே வகுப்புப் பிள்ளைகளைத் திறனைப் பார்த்துப் பாடத்துக்குப் பிரிக்கிற குழு.

அந்த 3+ எந்த அளவுகோல் எண்டு முதல் கேளுங்கோ. 2014-இல பழைய தேசிய லெவல்களை எடுத்த பிறகு, இயர் 7 தொடக்கம் 9 வரை ஒவ்வொரு பள்ளியும் தன்ர அளவுகோலைத் தானே வைச்சிருக்கு. சில பள்ளியில "இண்டைக்கே ஜிசிஎஸ்இ எழுதினால் இது" எண்டு அர்த்தம். அப்படியெண்டால் இயர் 9-இல 3+ மோசமே இல்லை, இன்னும் ரெண்டு வருசப் பாடம் கிடக்கு. வேற பள்ளியில "இயர் 11 முடிவில இதுதான் வரும்" எண்டு அர்த்தம். அப்படியெண்டால் கவனிக்கவேணும். ஏடிஎல் படிப்பில காட்டுற அக்கறைக்குப் போடுற எண். சில இடத்தில 1 தான் உச்சம், சில இடத்தில 4. ரிப்போர்ட்டின்ர கடைசிப் பக்கத்திலயோ பள்ளி வெப்சைட்டிலயோ விளக்கம் இருக்கும்.

90 சதவீதத்தோட ஒப்பிடாதேங்கோ. மேத்ஸில ஹையர் (கடினம்), ஃபவுண்டேசன் (இலகு) எண்டு ரெண்டு விதத் தாள். ஹையர் தாளில 4 எடுக்கிறதுக்கு 20 சதவீதத்தை ஒட்டின மார்க்கே போதுமாயிருந்த வருசங்கள் இருக்கு.

சித்திரைவெயில்: வடலி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்கெட் என்பது ஆசிரியரின் கணிப்பு அல்ல. வழக்கமாக இயர் 6 முடிவில் எழுதும் சாட்ஸ் என்ற தேசியத் தேர்வின் மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடுவார்கள். உங்கள் மகளுக்கு அது கிடையாது, எனவே கேட்4 மாதிரி ஏதாவது திறனறித் தேர்வு வைத்திருக்கலாம். அதில் நான்கு பகுதிகள்: சொல், எண், உருவம், இடவெளி. சராசரி 100. மொத்தத்தை மட்டும் கேட்காமல் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். எண்ணிலும் உருவத்திலும் 110-க்கு மேல் இருந்து சொல்லில் 85 என்றால் தடை மொழிதான், திறமைக் குறைவு அல்ல. டார்கெட்டைத் திருத்தச் சொல்ல அதுவே போதுமான காரணம்.

கருங்குயில்: அப்போது டியூஷன்?

சித்திரைவெயில்: மேத்ஸுக்கு இப்போது வேண்டாம். கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் மார்க் போகிறதா, கணக்கே தெரியாமல் போகிறதா என்று விடைத்தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதுவரவு: வியாழக்கிழமை யார்கிட்ட என்ன கேக்கறது? அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க, ஆன்லைன்ல.

வடலி: நேரம் முடிஞ்சதும் கோல் தானா வெட்டுப்படும், வணக்கம் சொல்லி முடிய முதல் கேள்வியைக் கேளுங்கோ. மேத்ஸ் ஆசிரியரிட்ட: எந்த செட், அந்த செட் ஹையருக்குப் போகுமா ஃபவுண்டேசனுக்கா? ஃபவுண்டேசனில 5-க்கு மேல வராது. பிறகு ஏ லெவலில (16-க்குப் பிறகு படிக்கிற ரெண்டு வருசப் படிப்பு) மேத்ஸ் எடுக்கிறது நடவாது. செட் எப்ப மாத்துவினம், எந்த டெஸ்டைப் பார்த்து எண்டும் கேளுங்கோ. சயன்ஸில கம்பைண்டா (மூண்டும் சேர்ந்து ரெண்டு ஜிசிஎஸ்இ) டிரிப்பிளா (மூண்டும் தனித்தனி) எண்டு கேளுங்கோ, இயர் 9-இலதான் ஒப்ஷன்ஸ், அதாவது ஜிசிஎஸ்இ பாடத் தெரிவு, வரும்.

இங்கிலீஷில ஹையர், ஃபவுண்டேசன் எண்ட பிரிவு இல்லை, எல்லாருக்கும் ஒரே தாள். அதில 4 வராட்டில் 16-க்குப் பிறகும் தொடர்ந்து படிக்கவேணும். அதால உதவி வேணுமெண்டால் முதல் அங்கதான். ஈஏஎல் பொறுப்பாளர் (ஆங்கிலம் தாய்மொழி இல்லாத பிள்ளைகளைப் பார்க்கிறவர்) பேரண்ட்ஸ் ஈவினிங் பட்டியலில இருக்கமாட்டினம். நாளைக்கே பள்ளி அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டு, மகளின்ர ஆங்கில நிலை ஏ (புதுசு) தொடக்கம் ஈ (சரளம்) வரை எதில குறிச்சிருக்கினம், கிழமைக்கு எத்தனை பாடம் தனி உதவி எண்டு கேளுங்கோ. கேட்4 விபரத்தையும் அதே ஈமெயிலில கேளுங்கோ, வியாழனுக்கு முதல் கையில வந்தால் நல்லது.

புதுவரவு: இப்பவே ஈமெயில் எழுதுறேன். ரிப்போர்ட் கடைசிப் பக்கம் பாத்தேன், ஏடிஎல்-ல 1 தான் பெஸ்ட்னு போட்டிருக்கு. 2-ன்னா "குட்".