பாரா தீவுக்கு எப்படிப் போவது: காரா, கப்பலா, மணலில் இறங்கும் விமானமா?

நெடுவழி:

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், வெளி ஹெப்ரிடீஸ் தீவுவரிசையின் தென்கோடியை ஒட்டிக் கிடக்கும் பாராவுக்கு மே மாதம் குடும்பத்தோடு போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், எழுபத்து நான்கு வயதான என் அம்மா. கிளாஸ்கோவிலிருந்து மூன்று வழிகள் இருக்கின்றன. ஓபன் என்னும் துறைமுக நகரிலிருந்து பாராவின் காசில்பேக்குப் போகும் வாகனக் கப்பல் ஒன்று. அதற்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கடற்கரை மணலிலேயே இறங்கும் சிறிய விமானம் இன்னொன்று. மூன்றாவது, பாலம் வழியாக ஸ்கை தீவுக்குக் காரில் போய், ஊயிக் துறையில் கப்பலேறி லொக்மாடியில் இறங்கி, யுயிஸ்ட் தீவுகளைத் தெற்கு நோக்கிக் கடந்து, எரிஸ்கே தீவிலிருந்து நாற்பது நிமிடம் ஓடும் சிறு கப்பலில் பாராவின் வடகரையை அடைவது.

நான் மூன்றாவதைத்தான் தேர்ந்திருக்கிறேன். நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் தீவுக்கும் தீவுக்கும் இடையே கடலில் கல் கொட்டி எழுப்பிய சாலைகளின் மேல், இருபுறமும் நீரைப் பார்த்தபடி போகும் பயணம் வேறு எங்கே கிடைக்கும்? எரிஸ்கேயை இணைக்கும் சாலை 2001-இல்தான் திறக்கப்பட்டது. அம்மாவுக்கும் நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கக் கார்தான் வசதி. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கரைநிலா:

நண்பர் நெடுவழி அவர்களுக்கு, நான் மறுக்கிறேன். ஒரே பயணத்தில் இரண்டு கப்பல்களை நம்புகிறீர்கள். முதலாவது காற்றால் நின்றால் இரண்டாவதும் தவறும், நடுவில் பதிவு செய்த தங்குமிடமும் போகும். ஆனால் என் முக்கியமான மறுப்பு அதுவல்ல.

இந்தத் தீவுகளுக்கான கப்பல் கட்டணத்தைச் சாலைப் பயணச் செலவுக்கு நிகராக வைக்கும் முறை 2008-இல் சோதனையாகத் தொடங்கியது. தீவில் வாழ்பவர்களின் சுமையைக் குறைப்பதற்காக வந்த முறை அது. கட்டணம் குறைந்ததும் வெளியூர்க் கார்களும் கூடாரவண்டிகளும் கூடவே பெருகின. கப்பல்களின் வாகனத் தளம் மட்டும் பெருகவில்லை.

ஓபன் துறையில் முன்பதிவு இல்லாத வாகனங்களுக்கான வரிசையில் ஒரு தச்சரின் வேன் நின்றதை நான் மறக்கவில்லை. மேலே கட்டிய பலகைகளின் நெகிழித்தாள் மழையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஊழியர் வந்து இன்று இடமில்லை என்றார். தச்சர் எதுவும் பேசவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் காருக்கு இடம் கிடைத்தது, ஏனென்றால் விடுமுறையை நான்கு மாதங்களுக்கு முன்பே திட்டமிட எனக்கு முடிந்தது. கூரை ஒழுகப் போகிறது என்று நான்கு மாதங்களுக்கு முன்பே யாருக்குத் தெரியும்? அதன் பிறகு இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் கார் இல்லாமல்.

கிளாஸ்கோவிலிருந்து ஓபனுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் ரயில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து கப்பல் துறைக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்துவிடலாம். பாராவைச் சுற்றி வரும் சாலை மொத்தம் இருபது கிலோமீட்டர் அளவுதான். பேருந்து உண்டு, மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும், அம்மாவுக்காக ஒரு நாள் மட்டும் அங்கேயே கார் எடுத்துக்கொள்ளலாம்.

நெடுவழி:

தச்சரின் கதை மனத்தைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் எழுபத்து நான்கு வயதுக்காரரை மழையில் பேருந்துக்காக நிறுத்தி வைப்பதற்கு அது விடையாகாது. மேலும், எரிஸ்கே வழியில் போனால் ஓபன் கப்பலின் தளத்தில் நான் ஓர் அங்குலம்கூட எடுத்துக்கொள்ளவில்லையே?

கரைநிலா:

ஊயிக் கப்பலிலும் எரிஸ்கே கப்பலிலும் எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கும் தீவுக்காரர்களே காத்திருக்கிறார்கள். எரிஸ்கே கப்பல் மிகச் சிறியது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வானோடி:

இருவரும் விமானத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பாரா. 1936 முதல் டிராய் மோர் என்னும் அகன்ற மட்டி மணற்பரப்பே ஓடுபாதை. ஓதம் ஏறினால் அந்த ஓடுபாதை கடலுக்கடியில் போய்விடும், வற்றினால் வெளியே வரும். ஓதத்தின் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால் விமான அட்டவணையும் அதற்கேற்ப மாறுகிறது. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டே பழகிய நமக்கு, கடலைப் பார்த்து அட்டவணை எழுதும் ஒரு விமான நிலையம் இருப்பதே பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

நான் இறங்கிய அன்று மணலின் மேல் விரற்கடை அளவு நீர் இன்னும் தேங்கியிருந்தது. சக்கரம் தொட்டதும் சன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீர் விசிறியாக எழுந்து, கண்ணாடியில் உப்புத்துளிகளாக வழிந்தது. படியிறங்கி நிலையத்தை நோக்கி நடந்தபோது மட்டிச் சிப்பிகள் காலடியில் நொறுங்கின. உங்கள் மகள் அதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கரைநிலா:

வானோடி சொல்லும் அழகை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ட்வின் ஆட்டர் விமானத்தில் பத்தொன்பது இருக்கைகள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பெரிய மருத்துவமனைக்காகக் கிளாஸ்கோ போகும் நோயாளிகளும் அதே இருக்கைகளில்தான் போய் வருகிறார்கள். அந்தச் சேவை அரசு மானியத்தில் நடப்பதும் அவர்களைப் போன்ற தீவுக்காரர்களுக்காகத்தான். பனிமூட்டம் வந்தால் பறக்காது. ஓடுபாதையில் விளக்குகள் இல்லாததால் வழக்கமான சேவை பகலில் மட்டுமே.

மருதன்:

நான் மருத்துவத் துறையில் இருப்பவன். தெற்கு யுயிஸ்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் பணியாற்றினேன். கரைநிலா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை.

வாகனத் தளம் பற்றி அவர் எழுதியது முற்றிலும் சரி. எங்களிடம் வந்த முதியவர் ஒருவர் பேத்தியின் திருமணத்துக்குக் காரோடு போக இடம் கிடைக்காமல், கடைசியில் நடந்து ஏறிப் போய்வந்தார். ஆனால் விமானத்தில் பயணி ஏறுவதைத் தீவுக்காரர்களுக்கு எதிரான செயல்போல எழுதுவது சரியல்ல. காலியாகப் பறக்கும் இருக்கையால் எந்த நோயாளிக்கும் நன்மையில்லை. மே மாதத்தின் வார நாளில் இருக்கை இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நடந்து கப்பலேறும் பயணியும் அப்படித்தான். அவரால் யாருடைய இடமும் பெரும்பாலும் பறிபோவதில்லை.

நெடுவழி அவர்களுக்கு ஒன்று. யுயிஸ்ட் சாலைகளில் பல இடங்களில் ஒற்றைத் தடம்தான்; எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும், பின்னால் வருபவருக்கும் அப்படியே. அங்கே நிறுத்திப் படம் எடுப்பவர்களால் என் நோயாளிகளின் வீட்டுக்கு நான் தாமதமாகப் போன நாட்கள் உண்டு. நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சாலையில் அது முடியாது.

அம்மாவைப் பற்றியும் ஒரு சொல். அந்தச் சிறிய விமானத்துக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்துதான் இருக்கைக்குப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கப்பலில் மின்தூக்கி இருக்கிறதா என்பதையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

நெடுவழி:

ஐயா மருதன் அவர்களுக்கு நன்றி. ஒதுங்குமிடத்தில் நிறுத்தக்கூடாது என்பது என் கணக்கில் இல்லவே இல்லை. என் திட்டத்தின் பாதி அழகு அங்கே நிறுத்தி நிறுத்திப் போவதாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் நேற்றிரவு பேசினேன். முழங்கால் பரவாயில்லை, குனிந்து போகிறேன், மணலில் இறங்கும் விமானம் என்றால் அதில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். எனவே அம்மாவும் மகளும் மனைவியும் விமானத்தில் போகிறார்கள். நான் ரயிலில் ஓபன் போய், பெட்டிகளோடு நடந்து கப்பலேறுகிறேன்.

ஒன்றில் மட்டும் கரைநிலாவோடு இன்னும் உடன்படவில்லை. வாடகைக் காரை ஒரு நாளைக்கு அல்ல, தங்கும் நான்கு நாளைக்கும் எடுக்கப் போகிறேன்.

கரைநிலா:

தீவில் இருக்கும் காரைத் தீவில் ஓட்டுவதால் கப்பலில் யாருக்கும் இடம் குறையாது. வாடகையும் தீவுக்காரருக்கே போகிறது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. விமானம் இறங்கும் கடற்கரையில் மகளோடு நடக்கப் போனால், முதலில் காற்றின் திசை காட்டும் துணிக்கூம்பைப் பாருங்கள். அது பறந்துகொண்டிருந்தால் விமான நிலையம் இயங்குகிறது என்று பொருள். அப்போது மணலில் கால் வைக்கக் கூடாது.