மறு: மறு: கலைச்சொல் தேவை: திருத்தித் திருத்தி விலகிப்போன தளத்தை மூல வேர்ட்பிரஸுக்குத் திருப்புவது

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். திங்கள் மாலை அச்சகத்துக்குப் போகவேண்டிய கையேட்டில் மூன்றாம் இயலுக்குத் தலைப்பு மட்டும் காலியாக நிற்கிறது.

சங்கதி இதுதான். இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர் தளம். அடியில் இருப்பது வேர்ட்பிரஸ்தான், தளம் கட்டுவதற்கான மென்பொருள். கட்டிக் கொடுத்தவர், கேட்டதையெல்லாம் அதன் மூலக் கோப்புகளிலேயே கைவைத்துச் செய்து கொடுத்திருக்கிறார். இற்றைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் அந்தத் திருத்தம் அத்தனையும் போய்விடும். அதனால் யாரும் அழுத்தவில்லை, தளம் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது. பிறகு வழங்கியில் (தளத்தை வைத்திருக்கும் சர்வரில்) வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியை 7ஆம் பதிப்புக்கு ஏற்றினார்கள். 2015இல் வந்த அந்தப் பதிப்பில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய செயற்கூறுகளை எடுத்துவிட்டார்கள். இவருடைய நிரல் முழுக்க அவற்றையே நம்பி இருந்ததால் பக்கங்கள் வெற்றாகிவிட்டன.

இப்போது செய்வது: மூலக் கோப்பைத் தொடாத வேர்ட்பிரஸ், ஊரே பயன்படுத்தும் நாலைந்து செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் செருகும் சிறு நிரல்), ஒரு வார்ப்புரு (தளத்தின் தோற்றத்தை அமைப்பது), அவ்வளவுதான். அவர் தரவுத்தளத்தில் தனியாகப் போட்டிருந்த அட்டவணைகளில் கிடக்கும் நினைவுக் கட்டுரை, விழாச் செய்தி, அஞ்சலி எல்லாவற்றையும் வழக்கமான பதிவு அட்டவணைக்குக் கொண்டுவருகிறோம். இனித் தளத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் ஆசிரியர்கள். கையேடு அவர்களுக்காக.

'இடப்பெயர்வு' பொருந்தவில்லை. வழங்கியும் மாறவில்லை, மென்பொருளும் மாறவில்லை. 'இயல்நிலை மீட்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. பெரியவர்கள் சொல்லுங்கள்.

*

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி, இதற்குப் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். புணர்ச்சி இலக்கணத்திலேயே இருக்கிறது.

நிலைமொழியும் வருமொழியும் மாறாமல் சேர்ந்தால் இயல்பு. மாறிச் சேர்ந்தால் விகாரம். நன்னூலார் அதைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்கினார். பூவும் கொடியும் பூங்கொடி ஆகும்போது இல்லாத எழுத்து தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது இருந்த எழுத்து திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது இருந்தது கெடுகிறது. உங்கள் தளத்தில் நடந்ததும் இதுதானே? அந்த மனிதர் இல்லாத நிரலைச் சேர்த்தார், இருந்த நிரலை மாற்றினார், வேண்டாததை வெட்டினார். நீங்கள் அதை இயல்புக்குக் கொண்டுவருகிறீர்கள்.

ஆகவே 'இயல்பாக்கம்'. அல்லது 'திரிபு நீக்கம்'. இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. 'கஸ்டமைசேஷன்' என்பதற்குத் 'தனிப்பயனாக்கம்' என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். தனிப் பயன் என்றால் ஒருவருக்கு மட்டுமான பயன். இங்கே மாறியது பயனா, வடிவமா? 'தன்வயமாக்கம்' என்று சொல்லிப் பாருங்கள்.

*

வள்ளியூரிலிருந்து:

> ஆகவே 'இயல்பாக்கம்'.

ஐயா, அந்தச் சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. தரவுத்தளப் பாடத்தில் ஒரே செய்தி பல இடத்தில் திரும்பத் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரித்து அமைப்பதற்கு 'இயல்பாக்கம்' என்றுதான் படித்தோம். இந்தத் தளத்திலும் அட்டவணைதான் விவகாரம் என்பதால் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து முட்டும்.

'மீட்பு'ம் வேண்டாம். காப்பு நகலிலிருந்து தரவைத் திரும்ப எடுப்பதை மீட்பு என்கிறோம். தலைப்பைப் பார்க்கும் ஆசிரியர், தளம் அழிந்துபோய்க் காப்பு நகலைத் தேடுகிறார்கள் என்று நினைப்பார்.

'திரிபு நீக்கம்' பற்றியும் ஒரு கேள்வி. உங்கள் நன்னூல் கணக்கிலேயே திரிதல் மூன்றில் ஒன்றுதானே? மேலே சேர்த்த நிரல் தோன்றல். அதைக் கழற்றுவதைத் திரிபு நீக்கம் என்று சொன்னால் பாதி வேலைதானே சொன்னதாகும்?

*

மேலப்பாளையத்திலிருந்து:

நான் பள்ளிக்கூடத்தில் கணினி எடுக்கிறவள். இந்தக் கையேடு என்னைப் போன்றவர்கள் கைக்குத்தான் வரப்போகிறது.

'நீக்கம்' என்ற சொல் தலைப்பில் இருந்தால் முதல் கேள்வி, "எதை அழிக்கப் போறீங்க?" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் பள்ளித் தளத்திலும் இதே போன்ற வேலை நடந்தது. படத்தொகுப்புக்கென்று எழுதியிருந்த செருகுநிரலை நிறுத்தியதும், மறைந்த தலைமையாசிரியரின் அஞ்சலிப் பக்கத்தில் படங்கள் இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் நின்றது. படம் ஒன்றும் அழியவில்லை, வழங்கியில் பத்திரமாக இருந்தது. அந்தக் குறியைப் படமாக மாற்றிக் காட்டும் நிரல்தான் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆசிரியர் அறையில் எத்தனை பேர் பதறினார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல் எதுவானாலும் அது பயத்தைக் கிளப்பக் கூடாது.

'திருப்பல்', 'திருப்புதல்' என்றும் போகாதீர்கள். பிள்ளைகளுக்குத் திருப்புதல் என்றால் தேர்வு, வீட்டில் திருப்புவது என்றால் அடகு நகை. 'மீட்பு'க்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் தேவாலயம் போகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

'பழையபடி ஆக்குதல்' என்று நேராக எழுதினால் என்ன குறை?

*

அம்பாசமுத்திரத்திலிருந்து:

வள்ளியூர்த் தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதற்குத் தொல்காப்பியப் புணரியல் பதில் சொல்கிறது: "மூன்றே திரிபிடன் ஒன்றே இயல்பென". அந்த மூன்று எவை என்றால் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். மிகுவதும் குன்றுவதும் வேறாவதும் எல்லாம் அவருக்குத் திரிபே. திரிபை மூன்றில் ஒன்றாகச் சுருக்கியது பிற்காலம். நான் முந்தியவர் பக்கம் நிற்கிறேன். மூன்று திரிபுக்கு எதிரே ஒரே இயல்பு என்று அவர் வைத்த கணக்கு இந்த வேலைக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். தளத்தைத் திரிக்க ஆயிரம் வழி, மூலம் ஒன்றுதான்.

'பழையபடி' என்பது பொருளளவில் தவறு. பழையபடி என்றால் எந்தப் பழையபடி? அவர் திருத்துவதற்கு முன் அந்தத் தளம் இப்படி இருந்ததே இல்லையே. இப்போது போய்ச் சேரும் வேர்ட்பிரஸ் 2003இல் வந்த வேர்ட்பிரஸும் அல்ல.

புரிகிறதா என்ற கேள்விக்கும் சொல்கிறேன். இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலானவர்கள் நெல்லையில் உட்கார்ந்து உழைத்து 1938இல் கலைச்சொல் தொகுதி கொண்டுவந்தபோதும் 'புரியுமா' என்றுதான் கேட்டார்கள். வகுப்பில் சொல்லச் சொல்லத்தான் சொல் புரியும். உங்கள் பிள்ளைகள் 'செருகுநிரல்' என்று தடுமாறாமல் சொல்கிறார்கள் அல்லவா?

*

சேரன்மகாதேவியிலிருந்து:

தலைப்புச் சொல்லுக்கு நடுவில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய பக்கங்களின் இணைய முகவரிகளை என்ன செய்தீர்கள்? இந்த வேலையில் தளம் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

தமிழ்த் தலைப்பையே முகவரியாக விட்டால் வேர்ட்பிரஸ் அதை வெட்டிவிடும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். முகவரிக்காக மாற்றி எழுதும்போது ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்தாகி, ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு ஆறெழுத்து. யூனிகோடில் பன்னிரண்டு குறி. முகவரியில் 108. வேர்ட்பிரஸ் அந்தப் புலத்துக்கு ஒதுக்கியிருப்பதோ 200தான். ஊர்ப் பெயருக்கு அடுத்த சொல் நீளமாக இருந்தால் அது முடியும் முன்பே எல்லை வந்துவிடும். தளத்தைக் கட்டியவர் தன் அட்டவணையில் நீளமான முகவரிகளை வைத்திருந்தால் அவை அப்படியே புதுத் தளத்துக்கு வராது. பழையதிலிருந்து புதியதற்கு 301 (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் குறியெண்) போட்டே ஆகவேண்டும். 302 போட்டால் தற்காலிகம் என்று தேடுபொறி எடுத்துக்கொள்ளும்.

இதற்கு 'வழிமாற்று', 'திசைமாற்றம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நம்மிடம் 'மடைமாற்றம்' இருக்கிறது. கன்னடியன் கால்வாய் பாய்கிற ஊரில் மடை மாற்றுவது என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் அதே தண்ணீர், இந்த வயலுக்கு வந்ததை அந்த வயலுக்கு விடுகிறோம்.

*

வள்ளியூரிலிருந்து:

மடைமாற்றம் அருமை அண்ணாச்சி. இனி அதையே எழுதுகிறேன்.

*

மேலப்பாளையத்திலிருந்து:

எனக்கும் சம்மதம். வகுப்பில் நாளைக்கே சொல்லலாம்.

*

அம்பாசமுத்திரத்திலிருந்து:

மடைமாற்றம் நல்ல சொல், மறுப்பில்லை. மடை என்பது மடு, மடங்கு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் என்பது என் கருத்து. நீர் மடங்கித் திரும்பும் இடம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். ஆனால் தம்பி கேட்டது இதை இல்லையே!

*

சாத்தான்குளத்திலிருந்து (இப்போது துபாய்):

ஒரு வினைப்பிரச்சினை இருக்கிறது. 'மீட்பு' பிறவினை. யாரோ வந்து மீட்கிறார்கள். 'மீள்' தன்வினை. அது தானாகத் திரும்புகிறது. ஆள் என்பதிலிருந்து ஆட்சி, காண் என்பதிலிருந்து காட்சி, அதே போல மீள் என்பதிலிருந்து மீட்சி. 'இயல்மீட்சி' என்றால் குறுகலாகவும் இருக்கிறது, காப்பு நகல் குழப்பமும் இல்லை, ஐயாவின் 'இயல்பு'ம் உள்ளே இருக்கிறது.

நான் இங்கே ஒரு நிறுவனத்தின் தளத்தில் இதே வேலையைத்தான் செய்கிறேன். எல்லாத் திருத்தத்தையும் தூக்கிப் போட முடிவதில்லை. சிலது நிஜத் தேவை. அதை மூலத்தில் வைக்காமல் தனிச் செருகுநிரலாக எழுதி வெளியே வைக்கிறோம். தோற்றத்தில் மாற்றம் வேண்டுமென்றால் வார்ப்புருவைத் தொடாமல் அதற்குக் கீழே ஒரு சேய் வார்ப்புரு. இப்படிப் பார்த்தால் 'திரிபு நீக்கம்' முழுக்கச் சரியில்லை. திரிபு சிலது இருக்கிறது, இருக்கும் இடம்தான் மாறுகிறது.

*

மேலப்பாளையத்திலிருந்து:

'மீட்சி'யும் 'மீட்பு'ம் காதுக்கு ஒன்றுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது. 'மீளல்' என்று விட்டால் 'ட்' வராது. 'இயல்நிலைக்கு மீளல்' என்று வேற்றுமை உருபோடு எழுதினால் வாய்விட்டுப் படிக்கும்போதே பொருள் விளங்கும்.

*

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தலைப்பில் வேற்றுமை உருபு விரிந்து நிற்பது கலைச்சொல் ஆகாது, அம்மா. அது விளக்கம். தொகையாக இறுகினால்தான் சொல் நிற்கும். 'நிலை'யும் மிகை. இயல் என்றாலே இருக்கிறபடி இருப்பதுதான்.

சாத்தான்குளத்தார் சொன்ன சேய் வார்ப்புருவை யோசித்தேன். அங்கேயும் மூலம் இயல்பாகவே இருக்கிறது. திரிபு மூலத்திலிருந்து நீங்கிவிட்டது. வெளியே போய் நிற்பதும் நீக்கம்தான். நீங்கு என்றால் அழி என்று பொருளில்லை. விலகு என்றே பொருள். அழிப்பது என்று நினைக்கவைத்தது 'டெலிட்' பொத்தானுக்கு 'நீக்கு' என்று எழுதிய நம் மொழிபெயர்ப்பாளர்கள்.

*

வள்ளியூரிலிருந்து:

அந்தப் பொத்தானை இனி மாற்ற முடியாது ஐயா. எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் நாம் சொல் போட வேண்டும்.

நான் 'இயல்நிலைக்கு மீளல்' பக்கம். 'இயல்மீட்சி' அழகு, ஆனால் அக்கா சொல்வது சரி.

*

சேரன்மகாதேவியிலிருந்து:

நானும் மீளல். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

*

சாத்தான்குளத்திலிருந்து (இப்போது துபாய்):

எனக்கு இன்னும் 'மீட்சி'தான். ஆனால் அச்சுக்கு நேரமில்லை என்பதால் மீளலுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

*

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பு இப்படிப் போகிறது: 'இயல்நிலைக்கு மீளல்'. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'உங்கள் பதிவுகளும் படங்களும் அப்படியே இருக்கும்'. மேலப்பாளையம் அக்கா சொன்ன அடைப்புக்குறிச் சங்கதிக்குத் திரைப்பிடிப்பு எடுத்து முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். செருகுநிரலை நிறுத்துமுன் அந்தக் குறிகளைத் தேடி மாற்றும் முறையும் அதற்கு அடுத்தே வருகிறது. ஆசிரியர்கள் பயப்படுகிற இடம் அதுதான், முதலில் அங்கே கைபிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முகவரிப் பகுதியில் 'மடைமாற்றம்' போட்டாயிற்று. நீளமான முகவரிகள் அறுபட்டிருப்பதைச் சேரன்மகாதேவி அண்ணாச்சி சொன்ன பிறகுதான் பட்டியல் எடுத்தோம். எல்லாவற்றுக்கும் 301 எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஐயா, 'திரிபு நீக்கம்' சொல்லடைவில் இணைச்சொல்லாக வரும்.

*

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பு இருக்கட்டும். 'மீளல்' போய்ச் சேரும் இடத்தைச் சொல்கிறது, விட்டு வந்ததைச் சொல்லவில்லை. அடுத்த முறை ஒருவர் மூலக் கோப்பில் கைவைக்கும்போது அவரைத் தடுக்கிற சொல் 'திரிபு'தான், 'இயல்நிலை' அல்ல. இணைச்சொல்லாகச் சொல்லடைவில் போடுவதோடு, மூலக் கோப்பைத் தொடாதீர்கள் என்று எழுதியிருக்கும் பக்கத்திலாவது 'திரிபு' என்ற சொல்லை வைத்துவிடுங்கள்.

பிறகு, உங்கள் மெய்ப்பில் நாலாம் பக்கம் 'வலைதளம்' என்றும் ஏழாம் பக்கம் 'வலைத்தளம்' என்றும் இருக்கிறது. ஒற்று வேண்டும்.

*

வள்ளியூரிலிருந்து:

ஐயா, இணையதளம் என்று எழுதும்போது ஒற்று போடுவதில்லையே. பிறகு வலைத்தளத்துக்கு மட்டும் எதற்கு?