அந்த மேடையில் ஒலித்தது எந்தப் பறை?

முல்லைமோடி:
கிளிநொச்சியில் சென்ற வாரம் மேடையேறிய நவீன நடனத்தைப் பற்றி, "வன்னியின் பறையை மேடைக்குக் கொண்டுவந்த படைப்பு" என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. அன்று அடிக்கப்பட்டது, வேப்பமரச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டிய தமிழ்நாட்டுப் பறை. எங்கள் பறைமேளம் இரு முகம் கொண்டது; கழுத்திலிருந்து தொங்கவிட்டு அடிப்பது. முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கனகராயன்கரை:
அதை எழுதியவன் நான்தான், அண்ணா. ஆடியவர்கள் மீண்டும் மீண்டும் விழுந்து எழுந்ததையும், நடுவில் பறை நின்றுவிட, தங்கள் மூச்சொலியை மட்டும் தாளமாகக் கொண்டு ஆடியதையும், பிறகு அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டே பறை மெல்ல வந்து சேர்ந்ததையும் நீங்கள் பார்க்கவில்லையா? ஒலிப்பதிவு ஆடுபவருக்காகக் காத்திருக்காது. எதிரே இருக்கும் கலைஞரால்தான் காத்திருக்க முடியும். சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா 2001இல் 'சரீரா' என்ற ஆடலை உருவாக்கியபோது குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசையைத்தான் சேர்த்துக்கொண்டார். அது வடநாட்டு இசை என்பதால் அந்த ஆடல் குறைந்துவிடவில்லை.

முல்லைமோடி:
தம்பி, நான் கேட்டது பறையைப் பற்றி. துருபத்தைத் தமிழ்ப் பண் என்று யாரும் எழுதவில்லை. நீங்களோ ஒருமுகப் பறையை வன்னியின் பறை என்று எழுதினீர்கள். தன்னைக் கடந்த நிலையைக் காட்டும் ஆடல் என்றும் எழுதினீர்கள். கோயில் பொங்கலில் உடுக்கும் பறையும் ஓங்கி ஒலிக்க, ஒருவர் உருவந்து, தெய்வம் ஏறி ஆடும்போது அவரைத் தன்னிலிருந்து பெயர்த்தெடுப்பது அந்த ஒலிதான். ஒலி மாறினால் அந்த நிலையும் மாறும் என்பது என் உறுதியான கருத்து. மாலையில் கொழும்பிலிருந்து வந்து, இரவே திரும்பிப் போனவருக்கு இது விளங்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

கனகராயன்கரை:
நான் எங்கிருந்து வந்தேன் என்பதை ஏன் இழுக்கிறீர்கள்? 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்தவர்களில் நானும் ஒருவன். விழுந்து எழுவது என்னவென்று எனக்கு யாரும் மேடையில் காட்டித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஆடலைப் பார்த்து அழுதேன். அந்த அழுகைக்குப் பறையின் முகங்களை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

நெடுங்கேணி வாசகி:
இருவரும் 'எங்கள் பறை' என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு உடல் எரிகிறது. என் தாத்தா மற்றவர்களின் சாவீடுகளில் பறை அடித்தவர். படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டு, சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவர். அந்த அவமதிப்பை மறுத்துத்தான் என் அப்பா பறையைக் கழுத்திலிருந்து இறக்கினார். வன்னியின் பறையை அடிக்க அன்று ஏன் ஆளில்லை என்று நீங்கள் இருவரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

முல்லைமோடி:
தங்கச்சி, உங்கள் தாத்தாவுக்கு நடந்தது பெரும் அநீதி. ஆனால் என் தாத்தா கூத்துப் பழக்கிய அண்ணாவியார். அவர் எவரையும் படலைக்கு வெளியே நிறுத்தியதில்லை. அந்தப் பழியை என் தலையில் வைக்காதீர்கள். மேலும், ஆளில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து இன்றும் ஆடப்படுகிறது. அங்கிருந்து ஒருவரை அழைத்திருக்கலாம்.

நெடுங்கேணி வாசகி:
உங்கள் தாத்தாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. நீங்களாகவே அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, என்னிடம் கோபிக்கிறீர்கள். மட்டக்களப்பிலிருந்து ஆள் வந்தால் மட்டும் அது வன்னியின் பறை ஆகிவிடுமா?

கனகராயன்கரை:
இதையேதான் நானும் கேட்க நினைத்தேன்.

முல்லைமோடி:
நீங்கள் இருவரும் சேர்ந்துகொண்டாலும் பறைக்கு இரண்டாவது முகம் முளைத்துவிடாது. வன்னியின் பறை இரு முகம் கொண்ட மேளம்தான். மேடையில் இருந்தது ஒருமுகப் பறைதான். இந்த நடனம் முல்லைத்தீவுக்கு வரும்போது நான் முன்வரிசையில் இருப்பேன். அதற்குள் நீங்கள் எழுதியதில் 'வன்னியின்' என்ற அந்த ஒரு சொல்லை நீக்கிவிடுங்கள், தம்பி.

கனகராயன்கரை:
நீக்கமாட்டேன்.