பழைய காருக்கு இன்னும் செலவு செய்யலாமா, மாற்றிவிடலாமா? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

மெக்கானிக் தரும் எஸ்டிமேட்டை முதலில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச், ஷாக் அப்சார்பர் எல்லாம் தேயத்தான் செய்யும். வேறு வண்டி வாங்கினாலும் அந்தச் செலவு பின்னாலேயே வரும். அதைக் காட்டி வண்டியைத் தள்ளிவிடச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி, இந்த மூன்றில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

---

இன்ஜின் என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்காமல் பேசவே கூடாது. பெட்ரோல் வண்டிக்குச் சொல்கிறேன். இன்ஜின் சூடாக இருக்கவேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோல் வருவதையும் நிறுத்திவிட்டு, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை (அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் எல்லா அளவும் குறைவாகவே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலும் 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10-15 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்பதே முக்கியம்.

ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால் அதன் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்மானம். ஏறவில்லையென்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) மேல். வால்வு, கேஸ்கெட் இரண்டும் ஹெட்டை இறக்கினால் முடிகிற வேலை. ரிங் என்றால் இன்ஜினையே பிரிக்கணும். அங்கேதான் வண்டியை மாற்றுகிற யோசனைக்கு அர்த்தம் வரும்.

---

மேலே சொன்னதோடு இது: டீசலில் ஆயில் விட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம். கேஜும் வேறு, அழுத்தம் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

புகையையும் பாருங்கள். நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல், அதற்காக இன்ஜின் பிரிக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க நீலம் வந்தால் ரிங். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைக் கசடு இருந்தால், குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பால் மாதிரி இருந்து, கூலண்டும் குறைந்தால்தான் பயம்.

---

எல்லாரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். இன்ஜினை மாற்றலாம், வண்டியின் கூட்டை, அதாவது பாடியை மாற்ற முடியாது. கதவின் அடியில், ஃபெண்டரில் துரு என்றால் அழகுப் பிரச்சினை. கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம் (சில்), சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம், முன்பக்க ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் அமைப்பு) பொருந்தும் மேல்பகுதி, இங்கே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு இருக்கிறது. மந்தமாகச் சத்தம் வந்தாலோ, முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போனாலோ, அந்த வண்டிக்கு எந்த இன்ஜின் வேலையும் செய்யாதீர்கள். பெயின்ட் பளபளப்பாக இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தடிமனாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசியிருக்கலாம்.

---

வைத்துக்கொள்வது என்று முடிவானால் முதல் வேலை டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளை பிஸ்டனோடு நேரம் தப்பாமல் இயக்கும் பெல்ட். எப்போது மாற்றியது என்று தெரியவில்லையா, மாற்றாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒரே தடவையோடு போகும். செயின் உள்ள இன்ஜினுக்கு இது பொருந்தாது. அதில் காலையில் கிளப்பியதும் சில விநாடி சலசலப்பு கேட்கிறதா என்று பாருங்கள்.